கிணற்றடிக்குப் போகும் கால்



திருச்சிலுவையின் மகிமை விழாவான இன்று, பாலைநிலத்தில் முணுமுணுத்த மக்களைக் கொள்ளிவாய்ப் பாம்புகள் கடித்ததை முதல் வாசகத்தில் கேட்டோம். அவை பாம்பே அல்ல, நரம்புச் சிலந்திப் புழு என்று நினைக்கும் ஆய்வாளர்களும் உண்டு. அதில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தப் புழுவைப் பற்றி வாசித்ததிலிருந்து அது என் மனத்தைவிட்டுப் போகவில்லை.

குளத்துத் தண்ணீரில் பொடிப்பொடியாக நீந்தும் ஒரு பூச்சி, அதற்குள் இளம்புழு. தாகத்துக்கு அள்ளிக் குடிக்கிறோம். உள்ளே போன புழு ஏறத்தாழ ஓராண்டு சத்தமில்லாமல் வளர்கிறது. பெண்புழு ஒரு மீட்டர் நீளம்கூட வரும். பிறகு பெரும்பாலும் காலில்தான் கொப்புளம், நெருப்பு வைத்த மாதிரி எரிச்சல். தாங்கமாட்டாமல் மனிதர் ஓடிப்போய்த் தண்ணீரில் காலை வைக்கிறார். கொப்புளம் உடைகிறது, புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை அங்கேயே விட்டுவிடுகிறது. அந்தத் தண்ணீரைத்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் மொண்டு குடிக்கிறது.

பாருங்கள், அந்தப் புழுவுக்குக் கால் கிடையாது. நம் தாகத்தோடு உள்ளே வருகிறது, நம் காலாலேயே தண்ணீருக்குத் திரும்புகிறது. பாவமும் இப்படித்தான் நம்மை அண்டிப் பிழைக்கிறது. வேலையிடத்தில் அவமானப்பட்டு வந்த கணவர் வீட்டில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். மாமியாரிடம் வாங்கிய சொல்லை அம்மா மகள்மீது இறக்கிவைக்கிறார். கெட்ட எண்ணமா? இல்லை, எரிச்சல் சற்றுத் தணியவேண்டும், அவ்வளவுதான். என் வலியை ஆற்றிக்கொள்ள நான் கால் வைக்கும் தண்ணீரை யார் குடிக்கிறார்கள்?

இதைக் கேட்டு யாரும் மனம் உடைய வேண்டாம். 1986 வாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 35 லட்சம் பேரை வாட்டிய நோய் இது. நம் நாட்டின் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000இல் இந்தியா விடுபட்டுவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. இத்தனைக்கும் இதற்குத் தடுப்பூசி இல்லை, புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. குடிதண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். புண்ணுள்ளவரைக் குளத்தில் இறங்கவிடவில்லை. ஆனால் விரட்டிவிடவும் இல்லை. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. அவரை உட்காரவைத்து, வாளித் தண்ணீரில் காலை வைக்கச் சொல்லி, அந்தத் தண்ணீரைத் தள்ளிப்போய்க் காய்ந்த தரையில் கொட்டினார்கள். வெடுக்கென்று இழுத்தால் புழு அறுந்து புண் மோசமாகும். ஆகவே குச்சியிலோ துணிச்சுருளிலோ சுற்றி, நாளுக்குச் சில சென்டிமீட்டராக, வாரக்கணக்கில் வெளியே எடுத்தார்கள்.

பெரிய வியாழனன்று சீடர்களின் பாதங்களுக்கு முன் குனிந்த நம் ஆண்டவரும் அவசரக்காரர் அல்லர். மன்னிப்பை உடனே தருகிறார். புண் ஆறுவதற்கு நாள் கொடுக்கிறார். பத்து வருட வன்மம் ஒரே இரவில் போகவில்லையே என்று சிலர் என்னிடம் அழுதிருக்கிறீர்கள். அதற்காக அவர் உங்கள்மேல் கோபப்படவில்லை. அன்று பாலைநிலத்தில் பாம்புக்கடிபட்டு, பிழைப்பதற்காகக் கம்பத்தில் உயர்த்திய வெண்கலப் பாம்பை ஏறிட்டுப் பார்த்தவர்களிடமும் வேறெதையும் அவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிமுதல் ஒப்புரவு அருளடையாளத்துக்காகக் கோவிலில் இருப்பேன். ரொம்ப நாளாக வராதவர்களும் வாருங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் பரவாயில்லை, சேர்ந்தே தொடங்குவோம்.