வென்ற பின்னும் வேண்டும் பொறுமை

பொறுமை என்றால் என்ன? துன்பம் வந்தால் வாய் திறவாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதுதான் பொறுமை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மையித்து வீட்டில் 'சப்ரு செய்யுங்கள்' என்று சொல்வதோடு அந்தச் சொல்லின் வேலை முடிந்துவிட்டதாகவும் நினைக்கிறோம். நம் இமாம்களோ சப்ரை மூன்றாக வகுத்தார்கள். நன்மையில் நிலைத்திருப்பது ஒன்று. சோதனையைத் தளராமல் தாங்குவது ஒன்று. பாவத்துக்கு வழி திறந்திருக்கும்போது தன்னைத் தடுத்துக்கொள்வது ஒன்று. இவற்றில் ஒன்றைப் பெற்றவர் மற்றவற்றையும் பெற்றவராகிவிடுவாரா? செங்கடலின் மேற்குக் கரையிலுள்ள எரித்ரியாவின் வரலாறு இதற்கு விடை சொல்கிறது.

அது நமக்கு முற்றிலும் அந்நியமான மண் அல்ல. மக்காவின் கொடுமை தாங்காமல் ஹபஷாவுக்கு ஹிஜ்ரத் செய்த ஸஹாபாக்கள் கடல் கடந்து இறங்கிய கரை அதுதான் என்று அந்நாட்டு மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மஸ்ஸாவா துறைமுகத்தில் ஸஹாபாக்களின் பெயரால் ஒரு பள்ளிவாசலும் இருக்கிறது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய சரிபாதியாக வாழும் நாடு அது.

1890 முதல் இத்தாலியரின் ஆட்சியிலும், 1941 முதல் பிரிட்டிஷாரின் நிர்வாகத்திலும் இருந்த எரித்ரியா, ஐ.நா. தீர்மானத்தின்படி 1952இல் எத்தியோப்பியாவுடன் கூட்டாட்சியில் இணைக்கப்பட்டது. தன்னாட்சி உண்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் பேரரசர் ஹைலி செலாசி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்து, 1962இல் கூட்டாட்சியையே கலைத்துவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாளே ஹாமித் இத்ரீஸ் அவாத்தே என்பவர் ஒரு சிறு கூட்டத்தோடு பழைய துப்பாக்கிகளை ஏந்திப் போரைத் தொடங்கியிருந்தார். அந்தப் போர் 30 ஆண்டுகள் நீடித்தது.

1974இல் பேரரசர் வீழ்ந்து ராணுவ ஆட்சி வந்தது, போர் நிற்கவில்லை. சோவியத் நாட்டின் டாங்கிகளும் விமானங்களும் எத்தியோப்பியாவுக்கு வந்து குவிந்தபோது, 1978இல் போராளிகள் தாங்கள் பிடித்த நகரங்களை விட்டு வடக்கே சாஹேல் மலைகளுக்குப் பின்வாங்கினார்கள். நக்ஃபா நகரைச் சுற்றிப் பதுங்குகுழிகள் தோண்டி, பத்தாண்டு காலம் அதை விடாமல் காத்தார்கள். குண்டுவீச்சில் நகரம் தரைமட்டமானது. பள்ளிவாசலின் மினாரா மட்டும் நின்றது.

அவர்கள் வாழ்ந்த விதத்தைக் கேளுங்கள். சம்பளம் கிடையாது. காலில் பிளாஸ்டிக் செருப்பு. அறுந்தால் நெருப்பில் காட்டி ஒட்டிக்கொள்வார்கள். பகலில் விமானங்களுக்கு அஞ்சி மறைந்திருந்து இரவில் வேலை செய்தார்கள். ஒரோட்டாப் பள்ளத்தாக்கில் மலையைக் குடைந்து ஆஸ்பத்திரி அமைத்தார்கள். மாத்திரைகளையும் நரம்பில் ஏற்றும் திரவத்தையும் தாங்களே தயாரித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாமல் வந்தவர்கள் போர்முனையிலேயே கற்றார்கள். போராளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். 1988இல் அஃபபெத், 1990இல் மஸ்ஸாவா, 1991 மே 24இல் தலைநகர் அஸ்மரா என்று வெற்றிகள் வந்தன. 1993இல் நடந்த வாக்கெடுப்பில் 99.8 சதவீதத்தினர் விடுதலைக்கு வாக்களித்தார்கள். அதற்கு விலையாகப் போராளிகளில் சுமார் 65 ஆயிரம் பேர் உயிரைக் கொடுத்திருந்தார்கள்.

சோதனையைத் தாங்கும் சப்ருக்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்? இத்துடன் கதை முடிந்திருந்தால் நாமும் புகழ்ந்துவிட்டு எழுந்து போகலாம். ஆனால் முடியவில்லை.

1997இல் இயற்றி ஏற்கப்பட்ட அரசியல் சட்டம் நடைமுறைக்கு வரவில்லை. விடுதலைக்குப் பின் தேசியத் தேர்தல் ஒன்றுகூட நடக்கவில்லை. சட்டப்படி 18 மாதமாக இருந்த கட்டாயச் சேவை, 1998 முதல் 2000 வரை எத்தியோப்பியாவுடன் நடந்த போருக்குப் பின் எல்லையில்லாமல் நீண்டது. அதற்கு அஞ்சி இளைஞர்கள் பெருந்தொகையாக நாட்டை விட்டே ஓடினார்கள். 2001 செப்டம்பரில், சீர்திருத்தம் கேட்டுக் கடிதம் எழுதிய தலைவர்களில் 11 பேரைச் சிறைபிடித்தார்கள். விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. அவர்களைப் பிடித்தவர்கள் வேற்று நாட்டார் அல்ல, அதே மலையில் உடன் இருந்த தோழர்கள்!

அப்படியானால் மலையில் கண்ட பொறுமை பொய்யா? பொய் என்று நாம் சொல்ல மாட்டோம். அது உண்மை, ஆனால் பொறுமையின் ஒரு பகுதி மட்டுமே. பதுங்குகுழியில் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவதும், இரகசியம் காப்பதும், தலைவர் சொல்லே முடிவு என்று இருப்பதும் உயிரைக் காக்கும். அதே பழக்கங்களை அரசு மேடைக்கு எடுத்து வந்தால் அவையே அநீதியாகிவிடும். இந்த நோயின் அறிகுறி முன்பே தெரிந்தது. 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் விடுதலை இயக்கங்கள் இரண்டும் தமக்குள்ளேயே போரிட்டு ரத்தம் சிந்தின. எல்லையில் பகைவர் இருக்கிறார்களே என்று ஆள்வோர் காரணம் சொல்லலாம். பகைவர் இருந்தது மெய்தான். ஆனால் பகைவருக்கு எதிராகக் காவல் காப்பதற்கும், சொந்தத் தோழரை விசாரணையின்றி அடைத்து வைப்பதற்கும் என்ன சம்பந்தம்?

எளியவராக இருக்கும்போது அநீதி செய்யாமல் இருப்பது பெரிய காரியமல்ல. கைக்கு வலிமை இல்லை, அவ்வளவுதான். வலிமை வந்த பிறகு கையை அடக்குவதே மூன்றாவது சப்ரு. அதுதான் மிகக் கடினம்.

நம் வீடுகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். மாமியாரிடம் கண்ணீர் வடித்த பெண், தான் மாமியாரானதும் என்ன செய்கிறார்? முதலாளியிடம் ஏச்சு வாங்கி வளர்ந்தவர், கடை சொந்தமானதும் தம் வேலையாளை எப்படி நடத்துகிறார்? "நான் படாத பாடா?" என்கிறோம். பட்ட பாடு பிறரைப் படுத்துவதற்கு உரிமைச்சீட்டு ஆகாது. பட்டவருக்குத்தானே வலி தெரியும்? அவரல்லவா முதலில் இரங்க வேண்டும்!

அந்தக் கரையில் ஸஹாபாக்கள் அடைக்கலம் தேடியது ஏன்? ஹபஷாவை ஆண்ட நஜ்ஜாஷி மன்னர் துன்பத்தைத் தாங்கியவர் என்பதற்காக அல்ல. அவர் ஆட்சியில் யாருக்கும் அநீதி நடவாது என்பதற்காக. அதிகாரம் கையில் இருந்தும் அதை அடக்கி ஆண்டதால்தான் அவர் பெயரை இன்றும் மரியாதையோடு சொல்கிறோம்.

துன்பத்தில் தாங்கும் பொறுமையையும், வலிமை வந்தபின் அடங்கும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் நமக்கும், எரித்ரியாவின் மக்களுக்கும், அவர்களை ஆள்வோருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.