மறந்துபோகும் உரிமை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தலைக்குள் இருந்ததையெல்லாம் தாளில் இறக்கிவைக்க உட்கார்ந்தேன். கல்லூரியில் விடைத்தாள் திருத்தும் பருவம் அது. ஒரு கட்டுரையை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டு மூன்று முறை தவணை வாங்கியிருந்தேன். உடன் வேலை செய்யும் இளம் ஆசிரியை ஒருவர், "இதைப் படிச்சுப் பாருங்க மேம், எனக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு" என்று ஒரு புத்தகத்தைக் கையில் திணித்திருந்தார். அமெரிக்கரான டேவிட் ஆலன் எழுதி 2001இல் வெளிவந்த 'கெட்டிங் திங்ஸ் டன்'.

அதன் முறை எளிமையானது. மனதில் கிடந்து உறுத்தும் ஒவ்வொன்றையும், சின்னதோ பெரியதோ, வெளியே எழுதிவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அடுத்துச் செய்ய வேண்டிய செயல் என்ன என்று தீர்மானிக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடியக்கூடியதென்றால் உடனே செய்துவிட வேண்டும். இல்லையென்றால் வேறொருவரிடம் ஒப்படைக்கலாம், அல்லது பட்டியலில் சேர்த்துத் தள்ளிவைக்கலாம். ஒப்படைத்தவற்றுக்குத் தனியாக ஒரு காத்திருப்புப் பட்டியல் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை எல்லாப் பட்டியல்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். நம்பகமான இப்படி ஓர் ஏற்பாடு வெளியே இருந்துவிட்டால் மனம் எதையும் சுமந்து திரிய வேண்டியதில்லை, தண்ணீரைப் போலத் தெளிந்துவிடும் என்கிறார் ஆலன்.

நான் எழுதத் தொடங்கினேன். கட்டுரை. விடைத்தாள். சிலிண்டர் பதிவு செய்வது. இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது. மகளின் செய்முறை நோட்டுக்கு அட்டை. அத்தையின் இரத்த அழுத்த மாத்திரை. அத்தையின் கண் பரிசோதனை. சொத்து வரி. நாத்தனார் மகளின் சடங்குக்குச் சீர். இணையரின் சட்டை தைக்கக் கொடுத்து ஒரு மாதம் ஆயிற்று, டெய்லரிடம் கேட்க வேண்டும். நாளைக்கு மாவு அரைக்க இன்றைக்கே அரிசி ஊறப்போட வேண்டும். எழுதி முடித்து எண்ணினால் 94 வரிகள். பேனாவை எடுத்து, என் சொந்த வேலைகளுக்கு மட்டும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். பதினேழு புள்ளிகள்.

என் தலையைக் காலிசெய்ய உட்கார்ந்தவள், வீட்டில் இருக்கும் இன்னும் மூன்று பேரின் தலைகளையும் சேர்த்துக் காலிசெய்துகொண்டிருந்தேன். ஆலன் சொல்லும் நம்பகமான ஏற்பாடு எங்கள் வீட்டில் எப்போதோ இருக்கிறது. அது நான்தான். என்னிடம் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அவர்கள் மனம் தெளிந்துவிடும்.

இதை எந்தக் கணக்கிலும் பார்க்க முடியாது. 2019இல் ஒன்றிய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண் ஒருவர் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார். அப்படி ஈடுபட்ட ஆண் செலவிட்டது 97 நிமிடங்கள். ஈடுபட்டவர்கள் எத்தனை பேர் என்பதிலேயே பெரிய வேறுபாடு இருந்தது. பெண்களில் 81 விழுக்காட்டுக்கு மேல், ஆண்களில் 26 விழுக்காடு. இந்த எண்கள் நமக்குத் தேவையானவை. இத்தனை காலம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த உழைப்பை அரசே எண்ணிப் பார்த்திருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கெடுப்பு, ஒரு நாளின் 24 மணி நேரத்தை அரை மணிக் கூறுகளாகப் பிரித்து, அந்தந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறது. நான் பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது சிலிண்டரை நினைத்துக்கொண்டிருந்தால் அந்த அரை மணி நேரம் பயணம்தான். வகுப்பில் பாடம் நடத்தும்போது அரிசி ஊறப்போடாதது நினைவுக்கு வந்தால் அது கற்பித்தல்தான். நினைவில் வைத்திருப்பது எந்த அரை மணியிலும் உட்காராது, எல்லா அரை மணிகளின் அடியிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

வீட்டை ஒழுங்குபடுத்தும் முறைகள் பெண்களுக்குப் புதியவை அல்ல. தொழிற்சாலைத் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்து வேலையை விரைவாக்கும் வழியை ஃப்ரெடெரிக் டெய்லர் 1911இல் புத்தகமாக வெளியிட்டார். அதற்கு இரண்டே ஆண்டுகளில், 1913இல், கிறிஸ்டின் ஃப்ரெடெரிக் என்ற அமெரிக்கப் பெண் அதே முறையைச் சமையலறைக்குக் கொண்டுவந்து 'தி நியூ ஹவுஸ்கீப்பிங்' என்ற நூலை எழுதினார். பாத்திரம் கழுவுவதில் எத்தனை அசைவுகள் வீணாகின்றன, மேடை எந்த உயரத்தில் இருந்தால் முதுகு வலிக்காது என்றெல்லாம் அக்கறையோடு ஆராய்ந்தவர் அவர். ஆனால் தொழிற்சாலையில் திட்டமிடுபவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர். வீட்டில் இரண்டும் ஒரே பெண். கண்காணிப்பாளரும் அவளே, தொழிலாளியும் அவளே. மிச்சமான நேரம் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வியை அந்த முறை எழுப்பவேயில்லை.

அந்தக் கேள்விக்கு வரலாற்றில் விடை தேடியவர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன். 1983இல் வெளிவந்த தன் நூலுக்கு அவர் வைத்த தலைப்பே 'அம்மாவுக்குக் கூடுதல் வேலை' என்றுதான் பொருள்படும். கருவிகள் வந்தபின் வேலையின் கடினம் குறைந்தது, நேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை என்று அவர் காட்டினார். துவைக்கும் இயந்திரம் வந்ததும் துணி மாற்றும் தடவை கூடியது. சுத்தத்தின் அளவுகோல் உயர்ந்தது. முன்பு ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த பங்கு காணாமல்போய், எல்லாம் ஒருத்தியிடம் வந்து சேர்ந்தது. என் நோட்டுப்புத்தகத்துக்கும் இதுவே நடந்தது. வாரம் முழுவதற்குமான சமையலை ஞாயிறே திட்டமிட்டதில் நாளுக்கு அரை மணி மிச்சமானது. மூன்றாவது வாரமே மகள், "அம்மா, இப்பதான் உனக்கு டைம் இருக்கே, டிபனுக்குத் தினம் ஒரு சட்னி மாத்தி வையேன்" என்றாள். வைத்தேன். பட்டியலில் இன்னொரு வரி.

சரி, ஒப்படைக்கலாம் என்கிறதே புத்தகம். ஒப்படைத்தேன். இணையர் நல்லவர், சொன்னதைச் செய்வார். "சொல்லு, செஞ்சிடறேன்" என்பதுதான் அவர் வாக்கியம். எம்மா என்ற பிரெஞ்சு ஓவியர் 2017இல் வரைந்து உலகெங்கும் பரவிய ஒரு சித்திரக் கதைக்கு, 'கேட்டிருக்க வேண்டியதுதானே' என்று பொருள்படும் தலைப்பு. மொழி வேறு, வாக்கியம் அதேதான். சொல்வதற்கு முன்னால் ஒருவர் கவனித்திருக்க வேண்டும், எப்போது முடிய வேண்டும் என்று கணித்திருக்க வேண்டும், சொன்னபின் நடந்ததா என்று பார்க்கவும் வேண்டும். என் செயல் பட்டியல் சுருங்கியது. காத்திருப்புப் பட்டியல் அதைவிட நீளமாக வளர்ந்தது.

ஒப்படைத்த இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு அந்த மாதம் நான் கூடுதலாக ஆறு வேலைகளை ஒதுக்கியிருந்தேன். சம்பளமும் கூட்டித்தான் கொடுத்தேன், அதனால் மனசாட்சி பேசாமல் இருந்தது. "அரிசி ஊறப்போட ஞாபகப்படுத்துங்கக்கா" என்று ஒருநாள் சொன்னபோது அவர் சிரித்தார். "ஞாபகத்துக்கும் சேத்துத்தான் சம்பளமா டீச்சர்?" என்றார். அதிகாலையில் தெருக் குழாயில் தண்ணீர் எப்போது வரும், ரேஷனில் எந்த நாள் பருப்பு போடுவார்கள், மகனின் பள்ளியில் என்ன கேட்டார்கள், என்னையும் சேர்த்து மூன்று வீட்டில் யாருக்கு எது ஆகாது, எல்லாம் அவர் தலையில்தான் இருந்தன. அவரிடம் நோட்டு இல்லை, வாராந்தரப் பரிசீலனைக்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. என் தலை தெளிவதற்கு அவர் தலையில் இடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எனக்கு நடந்ததையே நான் அவருக்குச் செய்திருந்தேன்.

அதன் பிறகுதான் வேறு வழியை முயன்றேன். ஒரு வேலையை அல்ல, ஒரு பொறுப்பை முழுதாகக் கைமாற்றுவது. கவனிப்பது, நினைவில் வைப்பது, செய்வது மூன்றும் ஒருவரிடமே இருக்க வேண்டும். இணையரோடு உட்கார்ந்து பேசி, அவருடைய அம்மாவின் மருந்தும் மருத்துவமும் இனி அவருடையது என்று முடிவாயிற்று. என் நோட்டிலிருந்து அந்த வரிகளை அடித்தேன்.

ஒரு மாதம் ஒழுங்காகப் போனது. இரண்டாம் மாதம் ஒரு வியாழக்கிழமை, அத்தைக்கு வெந்நீர் கொடுக்கப் போனபோது மாத்திரை அட்டையைப் பார்த்தேன். இரண்டு மிச்சம் இருந்தன. வெள்ளிக்கு ஒன்று, சனிக்கு ஒன்று. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பொறுப்பு திரும்ப என்னிடம் வந்துவிடும் என்று தெரியும். சொல்லவில்லை. வெள்ளியும் சொல்லவில்லை. ஞாயிறு காலை மாத்திரை இல்லை. நாங்கள் வழக்கமாக வாங்கும் கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது. வேறு கடை தேடி அவர் வாங்கி வருவதற்குள் பிற்பகலாகிவிட்டது. அத்தைக்குத் தலை கிறுகிறுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாலைக்குள் சரியாகிவிட்டது. அதைவிட மோசமாக எதுவும் நடக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்த நாத்தனார் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "நீங்க வீட்லதானே அண்ணி இருந்தீங்க, பாக்கலையா?" அண்ணனிடம் சொன்னது வேறு. "உனக்கு எப்பவுமே மறதிதான்."

இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் பல நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மறதி எப்போது குற்றமாகிறது? நினைவில் வைத்திருக்க வேண்டியவர் இவர் என்று முன்பே கருதிவிட்ட ஒருவர் மறக்கும்போதுதான். பக்கத்து வீட்டுக்காரர் அத்தையின் மாத்திரையை மறந்தார் என்று யாரும் சொல்வதில்லை. மகன் மறந்தால் அது அவன் சுபாவம், மருமகள் மறந்தால் அது அலட்சியம் என்றால், இருவருக்கும் இடையில் பொறுப்பைப் பிரித்துக்கொடுத்தது எங்கள் ஒப்பந்தம் அல்ல, அதற்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்ட வேறொன்று. என் நோட்டில் அடித்த வரி அதில் அடிபடவில்லை.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு வசதியாக இருக்கும். உண்மை அப்படி முடியவில்லை. நான் மறக்கவில்லை. பார்த்தேன், தெரிந்தே பேசாமல் இருந்தேன். விழுவது விழட்டும், அப்போதுதான் ஆண்கள் கற்றுக்கொள்வார்கள் என்று நமக்குள் சொல்லிக்கொள்கிறோம். சட்டை தைத்து வராவிட்டால் அதன் விலையை அவரே கொடுப்பார், அங்கே அது நியாயம். மாத்திரை விஷயத்தில் அவர் கற்றுக்கொண்டதற்கு விலை கொடுத்தது எழுபத்தாறு வயதுப் பெண்ணின் உடம்பு. பராமரிப்பில் பெரும்பாலும் இப்படித்தான். தவறு செய்பவர் ஒருவர், அனுபவிப்பவர் குழந்தையோ முதியவரோ நோயாளியோ. பெண்கள் கைவிட முடியாமல் திரும்பத் திரும்பச் சுமப்பது பழக்கத்தால் மட்டும் அல்ல, இது தெரிந்திருப்பதாலும்தான். இந்த அறிவைப் பிடித்துக்கொண்டுதான் குடும்பம் நம்மிடம் வேலை வாங்குகிறது.

அப்படியென்றால் நான் பேசியிருக்க வேண்டுமா? ஆம், பேசியிருக்க வேண்டும். ஓர் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பார்த்தவர் சொல்ல வேண்டும், அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஒருமுறை சொல்வது உதவி. ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியவளாக ஒருத்தியையே வைத்திருப்பது அநீதி. நான் மறுத்திருக்க வேண்டியது இரண்டாவதை. கோபத்தில் முதலாவதை மறுத்துவிட்டேன். நாத்தனாருக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில், "பாத்தேன், சொல்லாம விட்டது என் தப்பு. வாங்காம விட்டது உங்க அண்ணன் தப்பு" என்பது. இரண்டையும் ஒன்றாகக் கரைத்து என் தலையில் ஊற்ற நான் இடம் கொடுத்திருக்கக் கூடாது.

அத்தையிடம் சில நாள் கழித்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், "அட்டை தீரப்போவுதுன்னு எனக்கும்தான் தெரியும். அவன்கிட்ட கேக்க வாய் வரல. உன்கிட்ட கேட்டே பழகிப்போச்சு" என்றார். பெற்ற மகனிடம் கேட்கக் கூச்சப்பட்ட அந்தப் பெண்ணைப் பட்டியலில் ஒரு வரியாக மட்டுமே நானும் எழுதியிருந்தேன். அவர் கையில் எதை ஒப்படைக்கலாம், அவர் எதைத் தன் வசம் வைத்துக்கொள்ள விரும்புகிறார் என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை. இப்போது பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அத்தை மகனைக் கூப்பிட்டுச் சொல்கிறார். அவர் கைபேசியில் அவரே நினைவூட்டல் வைத்திருக்கிறார்.

நோட்டுப் போடுவதை நான் விடவில்லை. எழுதிவைப்பது உண்மையிலேயே உதவுகிறது, கட்டுரையும் ஒருவழியாக முடிந்தது. ஆனால் இப்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இதை நான் மறந்தால் யாருக்கு வலிக்கும், யார் என்னைக் குற்றம் சொல்வார்கள் என்று இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் கேள்விக்கு விடை இருந்து, அந்த வேலை வேறு யார் மீதும் இல்லையென்றால் அந்த வரி இருக்கும். இரண்டாவது கேள்விக்கு மட்டுமே விடை இருந்தால் அடித்துவிடுவேன். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஒதுக்கிய ஆறில் நான்கைத் திரும்ப எடுத்து வீட்டுக்குள் பிரித்துக்கொண்டோம், சம்பளம் குறையவில்லை. ஞாயிறு அவருக்கு விடுமுறை. அரிசி ஊறப்போடுவது இணையரின் பொறுப்பு. மறந்த நாளில் உப்புமா. அதை யாரும் என்னிடம் கேட்பதில்லை.

அத்தை அறையைக் கடக்கும்போது மட்டும் கண் இன்னும் அந்த மாத்திரை அட்டைக்குத்தான் போகிறது.