குடியிருக்க வீடா, உடைமைக்கு வீடா?

சென்ற விடுமுறைக் காலத்தில் பிரான்சிலிருந்து கோட்டுச்சேரிக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர், ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பின் என்னருகே வந்து அமர்ந்தார். "ஆலிம்சா, பதினோரு வருஷமாக வாடகை கொடுக்கிறேன். அவ்வளவும் தண்ணீரில் போட்ட மாதிரிதான். பேங்கில் கடன் வாங்கி சொந்த வீடு வாங்கிக்கொள் என்கிறார்கள். வெளிநாட்டில் அது கூடும் என்று உலமாக்களே சொல்லிவிட்டார்களாமே?" என்று கேட்டார். ஒரே வார்த்தையில் பதிலை எதிர்பார்த்தார். ஒரே வார்த்தையில் முடிகிற விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை.

இது அவர் ஒருவருடைய கேள்வியல்ல. 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், 1954 நவம்பர் 1-ல் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்து கொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸ் நகரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கிறார்கள். அதற்கு முந்திய தலைமுறையில் சைகோனில் கடை வைத்து, 1975-க்குப் பின் இருந்ததை விட்டு வந்த குடும்பங்களும் உண்டு. ஆகவே புது நாட்டில் வீடு என்பது நம் பகுதிக்குப் புதிய கேள்வியன்று.

நாயகம் (ஸல்) அவர்களும் நாடு மாறிச் சென்றவர்கள்தாம். மதீனா வந்ததும் அபூ அய்யூப் அன்சாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் மாதக்கணக்கில் தங்கினார்கள். அங்கே சொந்தச் சுவர் இல்லாததால் அவர்களுடைய கண்ணியம் குறைந்துவிட்டதா? பள்ளிவாசலுக்கு இடம் வேண்டியிருந்தபோது, அநாதைச் சிறுவர் இருவருக்கு உரியதாயிருந்த நிலத்தை இலவசமாகத் தர முன்வந்தார்கள். பெருமானார் (ஸல்) அதை ஏற்காமல் விலை கொடுத்தே வாங்கினார்கள். இடத்தை அடைவதைவிட, அதை எந்த வழியில் அடைகிறோம் என்பதே பெரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

சூரத்துந் நஹ்லில் அல்லாஹு தஆலா வீடுகளை நமக்கு அமைதி பெறும் இடமாக ஆக்கியதைத் தன் அருட்கொடைகளில் ஒன்றாகச் சொல்லிக் காட்டுகிறான். அங்கே அருளாகக் கூறப்படுவது குடியிருப்பு, பத்திரம் அன்று. வாடகை என்பது பிக்ஹு நூல்களில் 'இஜாரா' என்ற தனிப்பாடம் பெற்ற ஹலாலான ஒப்பந்தம். ஒரு மாதம் மழையிலும் குளிரிலும் நம் மனைவி மக்கள் பாதுகாப்பாக உறங்கியதற்கு ஈடாகக் கொடுத்த பணம் தண்ணீரில் போட்டதாகுமா? அரிசிக்குக் கொடுத்த பணத்தை யாராவது அப்படிச் சொல்வார்களா?

பிரான்சில் வாடகைக்காரருக்குச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனியார் உரிமையாளர் தட்டுமுட்டுச் சாமான் இல்லாத வீட்டைக் குறைந்தது 3 ஆண்டுகளுக்கு விட வேண்டும். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, சில விலக்குகள் தவிர, குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. அதே சமயம் கஷ்டமும் உண்டு. அரசு ஆதரவு பெற்ற குறைந்த வாடகை வீடுகளுக்குப் பாரிஸ் பகுதியில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பத்துக்குத் தனியார் வீடு கிடைப்பதும் அரிது. இதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது.

வட்டிக்கடனின் கணக்கையும் பாருங்கள். 2 லட்சம் யூரோவை 3.5 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுத் தவணையில் வாங்கினால், மாதம் சுமார் 1,160 யூரோ கட்ட வேண்டும். முடிவில் வட்டி மட்டும் 78 ஆயிரம் யூரோவைத் தாண்டும். வாடகையை நட்டம் என்பவர், இதை மட்டும் ஏன் நட்டம் என்பதில்லை? சூரத்துல் பகராவில் வட்டிக்கு எதிராக வந்துள்ள எச்சரிக்கையோ, இந்த நட்டத்தைவிடப் பன்மடங்கு கடுமையானது.

நிற்க. அந்த இளைஞர் கேள்விப்பட்டதில் உண்மை உண்டு. ஐரோப்பிய ஃபத்வா ஆய்வுப் பேரவை 1999 அக்டோபரில் டப்ளின் நகரில் கூடி, மேற்கு நாடுகளில் வாழும் முஸ்லிம்கள் வட்டிக்கடனில் வீடு வாங்குவது பற்றி ஒரு தீர்ப்பு வழங்கியது. பொதுவான தேவை நிர்ப்பந்தத்தின் இடத்தைப் பெறும் என்ற பிக்ஹு விதியை அது ஆதாரமாகக் கொண்டது. ஹனஃபி மத்ஹபின் ஒரு கருத்தையும் துணைக்கு எடுத்தது. ஆனால் அத்தீர்ப்பில் நிபந்தனைகள் உண்டு: வட்டியில்லாத மாற்றுவழி இருக்கக்கூடாது, தானும் தன் குடும்பமும் குடியிருப்பதற்கான வீடாக இருக்க வேண்டும், போதுமான வேறு வீடு இருக்கக்கூடாது, கடனின்றி வாங்கும் அளவுக்கு உபரிச் செல்வமும் இருக்கக்கூடாது. பேரவையிலேயே சிலர் இதற்கு உடன்படவில்லை. நம் கரையோர ஊர்களில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், வட்டி எந்த நாட்டிலும் ஹராமே என்பதை இமாம் நவவி (ரஹ்) 'மஜ்மூஃ' நூலில் விளக்கியிருக்கிறார்கள். என் உள்ளம் இந்தப் பக்கமே சாய்கிறது. எனினும் நெருக்கடியில் நம்பகமான ஆலிம்களின் தீர்ப்பைப் பின்பற்றியவரைப் பாவி என்று ஏச எனக்கு நா எழவில்லை.

நான் வருந்துவது, ஃபத்வாவை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனைகளை விட்டுவிடுவதைப் பற்றித்தான். அந்த இளைஞரிடம் நான் ஒன்றே கேட்டேன்: "தம்பி, கடைத்தெருவுக்குப் பின்னால் நீங்கள் கட்டிய மாடி வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?" அவர் சிறிது நேரம் பேசவில்லை. அந்த வீடு ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. உம்மா இருப்பது பழைய வீட்டில்தான். மாடி வீட்டில் பளிங்குத் தரை, இரும்பு வாயிற்கதவு எல்லாம் உண்டு. விளக்குப் போடத்தான் ஆளில்லை. ஊரில் சும்மா கிடக்கும் வீட்டை வைத்துக்கொண்டு, அங்கே 'நிர்ப்பந்தம்' என்று வட்டிக்குக் கை நீட்டலாமா? இது தேவையா, ஊரார் பார்வைக்கான ஆசையா? ஃபத்வா கேட்கும் முன் நம் நெஞ்சைக் கேட்க வேண்டிய கேள்வி இது.

"விற்றால் உம்மா மனசு ஒடிந்து போகுமே" என்றார். நியாயம்தான், தாயின் மனம் சிறிய விஷயமன்று. ஆனால் மகனின் வீடு வட்டியில் நிற்பதைவிட விற்கப்படுவது மேல் என்று எடுத்துச் சொன்னால், தஸ்பீஹ் பிடிக்கும் எந்தத் தாய் மறுப்பாள்?

வேறு வழிகளும் இருக்கின்றன. சிறிய வீடாக, தூரத்து ஊரில் வாங்கலாம். நிறுவனமே வீட்டை வாங்கி, லாபத்தை வெளிப்படையாகச் சொல்லித் தவணைக்கு விற்கும் 'முராபஹா' முறையில் வாங்க முடியுமா என்று, ஒப்பந்தத்தை ஆலிம்களிடம் காட்டி விசாரிக்கலாம். பிரிட்டனில் இத்தகைய வீட்டு விற்பனைக்கு இருமுறை முத்திரை வரி கட்ட வேண்டியிருந்த தடையை 2003-லேயே நீக்கினார்கள். முஸ்லிம்கள் கேட்டதால்தானே அது நடந்தது?

எல்லாவற்றுக்கும் மேலாக, உறவினர் நாம் எதற்கு? அன்சாரிகள் தங்கள் பேரீச்சந் தோட்டங்களையே முஹாஜிர்களுடன் பங்கிட முன்வந்தார்கள். நம் வீடுகளில் கல்யாணத்துக்கும் விருந்துக்கும் பல லட்சம் புரளுகிறது. அண்ணன், தம்பி, மச்சான் நால்வர் கூடி ஒருவருக்கு அழகிய கடன் கொடுத்து, அவர் திருப்பியதும் அடுத்தவருக்குக் கொடுத்தால், ஒரு குடும்பமாவது வட்டியிலிருந்து தப்பாதா? அதைச் செய்யாமல் வட்டி வாங்கியவனை மட்டும் குறை கூறுவது நமக்கு அழகா?

அந்த இளைஞர் எழுந்து, "உம்மாகிட்ட பேசுறேன், ஆலிம்சா" என்று சொல்லிப் போனார். என்ன முடிவெடுத்தார் என்று நான் கேட்கவில்லை. அது அவருக்கும் அவர் ரப்புக்கும் இடையிலுள்ளது.

நாம் எங்கே சென்றாலும் கொஞ்ச காலக் குடிகள்தாம். இருக்கும் காலத்தில் ஹலாலான கூரையின் கீழ் உறங்கி எழும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும், கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக! ஆமீன்.