இது யாருக்காக?

தி.நகரில் ஒரு தெரபி மையத்தின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தால், புதிதாக வருகிற பெற்றோரிடம் முதலில் கேட்கப்படுவது குழந்தையின் பெயராக இருக்காது. "எத்தனை ஹவர்ஸ் குடுக்கறீங்க?" என்பதாகத்தான் இருக்கும். வாரம் பத்து மணி நேரம் என்று சொல்கிறவர், இருபது என்று சொல்கிறவரின் முன்னால் கொஞ்சம் கூனிக்குறுகிப் போகிறார். ஏ.பி.ஏ. என்கிற நடத்தைப் பயிற்சி எவ்வளவு, ஸ்பீச் எவ்வளவு, ஓ.டி. என்கிற ஆக்குபேஷனல் தெரபி எவ்வளவு என்று பேச்சு நீளும். என் தங்கை மகனுக்கு ஆட்டிசம் என்று உறுதியானதும் எங்கள் வீட்டுக்குள்ளும் முதலில் நுழைந்தது இந்த மணிக்கணக்குதான். தங்கை அடையாறில் இருக்கிறாள், வேலைக்குப் போகிறவள். மயிலாப்பூரில் இருக்கிற பெரியம்மாவான நான் அவனைக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறேன். காத்திருக்கும் நேரத்தில் படிக்கிறேன்.

அந்த மணிக்கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் 1987இல் போய் நிற்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஐவர் லோவாஸ் என்ற உளவியலாளர், 19 சிறு குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தைப் பயிற்சி அளித்தார். அவர்களில் 9 பேர் எல்லாரையும் போல முதல் வகுப்பை முடித்தார்கள் என்று எழுதினார். உலகம் முழுக்கப் பெற்றோர் அந்த 40ஐப் பிடித்துக்கொண்டார்கள். அதே கட்டுரையில் இருந்த மற்ற இரண்டு விஷயங்கள் காத்திருப்பு அறைகள் வரை வந்து சேரவில்லை. ஒன்று, எந்தக் குழந்தைக்கு எந்தப் பயிற்சி என்பது குலுக்கல் முறையில் முடிவானதல்ல. இன்னொன்று, அந்தப் பயிற்சியில் அதட்டலும் சில சமயம் தொடையில் ஓர் அடியும் உண்டு.

இன்றைக்கு நல்ல மையங்களில் அடி கிடையாது. சாலி ராஜர்ஸும் ஜெரால்டின் டாசனும் உருவாக்கிய டென்வர் முறை போன்றவற்றில் மேஜையும் நாற்காலியும்கூடக் கட்டாயமில்லை. தரையில் விளையாடும்போதே பாடம் நடக்கிறது. ஆனால் அடிப்படைத் தர்க்கம் மாறவில்லை. ஒரு செயலுக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் குழந்தைக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பதுதான் அது. மிக்ஸி ஓடினால் எங்கள் பையன் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வான். உடனே யாராவது ஓடிப்போய் மிக்ஸியை நிறுத்துவோம். ஆக, முட்டிக்கொண்டால் சத்தம் நிற்கும் என்று நாங்களே அவனுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று தெரபிஸ்ட் விளக்கினார். இதற்கு மாற்று, காதைப் பொத்திக் காட்டினாலே மிக்ஸி நிற்கும் என்று அவனுக்குப் புரியவைப்பது. சொன்னால் எளிது. அதற்கு, சட்னி பாதியில் இருந்தாலும் அவன் காதைப் பொத்தியதும் வீட்டில் எல்லாரும் ஒவ்வொரு தடவையும் மிக்ஸியை நிறுத்த வேண்டும். என் அம்மாவை அதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய தெரபியாக இருந்தது.

இந்த முறை வேலை செய்கிறது. அதனால்தான் அதைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டியிருக்கிறது. எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை முறை தீர்மானிப்பதில்லை, இலக்குத் தாளை எழுதுகிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். எங்களுக்கு முதலில் தரப்பட்ட தாளில் இருந்தவை: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், கையை உதறக் கூடாது, சிட்டிங் டாலரன்ஸ், அதாவது ஓரிடத்தில் உட்காரும் நேரம், கூட வேண்டும். பெயருக்குத் திரும்புவது சாலையில் உயிரைக் காக்கும், சரி. கையை உதறுவது யாரை என்ன செய்கிறது? கபாலி கோயில் குளத்தருகே தண்ணீரைப் பார்த்ததும் இரண்டு கையையும் சிறகு மாதிரி அடிப்பான். சந்தோஷம்தான். பக்கத்தில் இருந்த மாமி ஒருவர் என்னிடம் தணிந்த குரலில், "கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்கோ" என்றார். அவனுக்கு ஒரு சங்கடமும் இல்லை. சங்கடம் மாமிக்கும் எனக்கும்தான். இப்படிப் பயிற்சி பெற்று வளர்ந்த ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், எங்கள் கைகளைக் கட்டிப்போட்டு உங்களுக்குத்தான் நிம்மதி தேடிக்கொண்டீர்கள் என்று எழுதுகிறார்கள். அவர்களைப் படித்த பிறகு, தாளின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'இது யாருக்காக?' என்று பென்சிலால் எழுதிக் கேட்கத் தொடங்கினோம்.

தெரபிஸ்ட் கோபிக்கவில்லை. தாளைத் திருத்தி, முதல் இலக்காக 'வேண்டாம்' என்று சொல்வதை வைத்தார். பேச்சு வராத நேரத்தில் அதற்கென்று ஓர் அட்டை. அட்டையை நீட்டினால் நீட்டியதற்கு மதிப்பு இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. பிறகென்ன, இட்லி வேண்டாம், சட்டை வேண்டாம், பெரியம்மா முத்தம் வேண்டாம் என்று ஒரே அட்டை மயம். முட்டிக்கொள்வது குறைந்தது.

மையத்தில் கழியும் மணிகள் மட்டுமே கணக்கில்லை என்று படித்ததும் மணிக்கணக்கு விஷயத்திலும் மனம் கொஞ்சம் தெளிந்தது. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்து 2016இல் வெளியான 'பாஸ்' ஆய்வில், பங்கேற்ற 65 குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேரின் பெற்றோருடன், சிறப்புப் பட்டம் எதுவும் இல்லாத சுகாதாரப் பணியாளர்கள் வேலை செய்தார்கள். பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைப் பெற்றோருக்கே போட்டுக் காட்டிப் பேசினார்கள். பெற்றோர் குழந்தைக்கு ஈடுகொடுப்பது கூடியது, குழந்தைகள் தாமாகப் பேச்சுக்கு இழுப்பதும் கூடியது. வீட்டார் கூடவே இருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது சென்னைக்கும் புதிதல்ல. தி.நகரில் 1989 முதல் இயங்கும் மதுரம் நாராயணன் மையம் வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்து வருகிறது. இதை விட்டுவிட்டு ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சங்களை எடுத்துக்கொண்டு போகிறவர்களையும் காத்திருப்பு அறையில் பார்க்கிறேன். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022லேயே சொல்லிவிட்டது. விளம்பரங்கள்தான் நிற்கவில்லை.

எல்லா வரியும் அவனுக்காகவே என்று ஆக்கிவிட முடியவில்லை. ஜூனில் சேரப்போகிற பள்ளியில் தொடர்ந்து இருபது நிமிடமாவது உட்கார வேண்டும் என்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அவன் பக்கம் இருக்கிறது, ஆனால் வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே டீச்சர். கண்ணைப் பார்க்கும் வரியை அடித்துவிட்டோம், கை உதறல் வரியையும். சிட்டிங் டாலரன்ஸ் தாளில் இருக்கிறது. அதன் எதிரே 'பள்ளிக்காக' என்று தங்கையே எழுதினாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்க இடைவேளை தர முடியுமா என்று அடுத்த வாரம் தலைமையாசிரியரைக் கேட்கப் போகிறோம். அவர் சரி என்றால் இருபதை ஐந்தாகத் திருத்திவிடலாம்.