பள்ளிக்கூடத்துக்கு இன்றைக்கு ஏன் விடுமுறை?



 

2024-ஆம் வருஷத்தில் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 17, திங்கட்கிழமை வந்தது. மறுநாள் பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்த என் மகனின் வகுப்பு ஆசிரியை பிள்ளைகளைப் பார்த்து, "நேற்று நமக்கு ஏன் லீவு விட்டார்கள்? ஐந்து வரி எழுதுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். என் மகனும் எழுதினான். நேற்று பக்ரீத், எங்கள் வீட்டில் ஆடு அறுத்தோம், மாமா வந்தார், பிரியாணி சாப்பிட்டோம், எனக்குப் பெருநாள் காசு கிடைத்தது. ஐந்து வரி சரியாக இருந்தது. "ஆடு எதற்காக அறுக்கிறீர்கள்?" என்று ஆசிரியை கேட்டதற்கு, "சாப்பிடத்தான் டீச்சர்" என்றானாம்.

அந்த ஆசிரியை ஒரு கிறிஸ்தவப் பெண்மணி. பிள்ளைக்கு விவரம் தெரியவில்லையே என்று இரக்கப்பட்டு, தாம் சிறுவயதில் படித்த சரித்திரத்தை வகுப்புக்கு நல்லபடியாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு என் மகன் கேட்ட முதல் கேள்வி: "அத்தா, ஈசாக்குன்னா யாரு?"

சகோதரர்களே! அந்த ஆசிரியையின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. தமக்குத் தெரிந்ததை நல்லெண்ணத்தோடு சொன்னார். நான் வெட்கப்பட்டது என்னை நினைத்துத்தான். அதற்கு முந்தைய நாள் காலையில் அரை மணி நேரம் மிம்பரில் நின்று, இப்ராஹீம் (அலை) அவர்கள் கண்ட கனவையும், "தங்களுக்கு இடப்பட்ட கட்டளையை நிறைவேற்றுங்கள்" என்ற பொருள்பட இஸ்மாயீல் (அலை) அவர்கள் தந்தைக்குச் சொன்ன பதிலையும் ஊருக்கே பயான் செய்தவன் நான். என் மகன் அந்தக் கூட்டத்தில் கடைசி ஸஃப்பில் புதுச் சட்டையின் பித்தானைத் திருகிக் கொண்டு உட்கார்ந்திருந்தான். வீட்டில் அவனை மடியில் வைத்து ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை. விளக்கின் அடியில்தான் இருட்டு என்பார்கள். என் வீட்டில் அது மெய்யாகிவிட்டது.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைப் பற்றி யோசித்து வருகிறேன். பள்ளிக்கூடம் மூடியிருக்கிற நாளில் நம் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். எதற்காக இருக்கிறார்கள் என்று நாம் அவர்களுக்குச் சொல்வதில்லை.

முதலில் அரசாங்கம் செய்வது என்ன என்று பார்ப்போம். ஒவ்வொரு வருஷமும் அரசு வெளியிடுகிற பொது விடுமுறைப் பட்டியல் 1881-ஆம் வருஷத்துச் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வருகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் உண்டியல், கடன் பத்திரம் இவற்றுக்காக எழுதப்பட்ட சட்டம் அது. பத்திரத்தின் தவணை நாள் பொது விடுமுறையில் விழுந்தால், அதற்கு முந்தைய வேலை நாளிலேயே தவணை வந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வியாபாரப் பெருமக்களுக்கு இது நன்றாகத் தெரியும். (ஸதக்கத்துல் ஃபித்ரைப் பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்ற நம் மார்க்கச் சட்டம் எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. விடுமுறை கொண்டாடுவதற்கு முன் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்!) ஆகவே அரசாங்கம் அலுவலகத்தைப் பூட்டுகிறது, பாங்கைப் பூட்டுகிறது, பள்ளிக்கூடத்தைப் பூட்டுகிறது. அவ்வளவுதான் அதனால் முடியும். நாளைப் பெருநாளாக ஆக்குவது அதன் கையில் இல்லை. அந்தப் பட்டியலில் நோன்புப் பெருநாளுக்கு "ரம்ஜான்" என்றுதானே போட்டிருக்கிறது! ரமலான் முடிந்து ஷவ்வால் பிறந்தால்தான் அந்த நாளே வரும். போன மாதத்தின் பெயரால் இந்த மாதத்தில் விடுமுறை! அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் நம் பிள்ளைகளுமா அதை "ரம்ஜான் லீவு" என்று மட்டும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அங்குள்ளவர்கள் விளையாடிக் களிப்பதற்கென்று இரண்டு நாட்களை வைத்திருந்தார்கள். அவற்றுக்குப் பதிலாக அவற்றைவிடச் சிறந்த இரண்டு நாட்களை அல்லாஹ் தந்திருக்கிறான் என்று கூறி, ஹஜ்ஜுப் பெருநாளையும் நோன்புப் பெருநாளையும் அண்ணலார் அறிவித்த செய்தியை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூதில் காண்கிறோம். இதைக் கொஞ்சம் ஊன்றிப் பாருங்கள். மகிழ்ச்சியை நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. மகிழ்வதற்கு வேறு நாளைக் கொடுத்தார்கள். அந்த இரண்டு நாட்களும் இரண்டு இபாதத்துகளின் வாசலில் நிற்கின்றன. ஒன்று ஒரு மாத நோன்பை முடித்து வருகிறது. மற்றது ஹஜ்ஜோடும் குர்பானியோடும் வருகிறது. உழைத்தவனுக்குக் கூலி கொடுக்கிற நாள் போல.

நம்முடைய ஜும்ஆ நாளும் வேலை நிறுத்த நாளாகக் கொடுக்கப்பட்டதல்ல. அழைப்புச் சொல்லப்பட்டால் வியாபாரத்தை விட்டு அல்லாஹ்வை நினைக்க விரைய வேண்டும், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அவனுடைய அருளைத் தேட வேண்டும் என்பதே அல்ஜுமுஆ சூராவின் கருத்து. ஓய்வு கூடாதென்று மார்க்கம் சொல்லவில்லை. ஆனால் ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் அநேகர் ஏமாந்து போகிற இரண்டு நிஃமத்துகள் என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. விடுமுறை நாளில் காலை பத்து மணிக்கு எழுந்து, இரவு வரை கைப்பேசியில் கண்ணைப் பதித்திருக்கும் நம் வாலிபர்கள் எதில் ஏமாந்து போகிறார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனிச் சொல்லப் போவதை ஆண்கள் கவனித்துக் கேட்க வேண்டும். பெருநாள் அன்று யாருக்கு விடுமுறை? ஈசாக்குக் கதைக்குப் பிறகு, அன்றிரவே என் வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "பிள்ளைக்கு நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மனைவியிடம் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டே, "பள்ளிக்கூடத்துக்கு லீவு, ஆபீசுக்கு லீவு. அடுப்புக்கு எப்பங்க லீவு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

மெய்தானே! தஹஜ்ஜுத் நேரத்தில் எழுந்து இடியாப்பத்துக்கு மாவு பிசைகிறார்கள். நாம் அத்தர் பூசித் தொழுகைக்குப் போகிறோம்; அவர்கள் வெங்காயம் உரிக்கிறார்கள். குர்பானி கறி வந்து குவிந்தால் பங்கு பிரித்துப் பொட்டலம் கட்டுவதும் அவர்கள்தான். உறவினருக்கு ஒரு பங்கு, ஏழைகளுக்கு ஒரு பங்கு என்று நாம் கட்டளை போடுகிறோம். அரஃபா நாள் ஃபஜ்ரிலிருந்து பிறை பதின்மூன்றின் அஸர் வரை ஒவ்வொரு ஃபர்ளுக்குப் பின்னும் ஓத வேண்டிய தக்பீரை, அந்தப் புகைக்கு நடுவில் நிம்மதியாக ஓதிய தாய்மார்கள் எத்தனை பேர்? மதியம் நாம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி விடுகிறோம். பிள்ளைக்குச் சரித்திரம் சொல்ல அங்கே யார் மீதி?

நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலையில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டு விடுவார்கள் என்றும் கூறினார்கள். அதே அன்னையார் ஒரு பெருநாள் அன்று, ஹபஷிகள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடுவதைப் பார்க்க விரும்பினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தாமே மறைப்பாக நின்று, அன்னையாருக்குப் பார்த்துச் சலிக்கும் வரை காத்து நின்றார்கள். அல்லாஹ்வின் தூதருக்கு வேறு வேலை இல்லாமலா அங்கே நின்றார்கள்? ஒரு பெருநாளைக்கு இரண்டு கறி போதும் என்று ஆண்கள் சொல்லிப் பாருங்கள். வெங்காயத்தை நாம் உரிப்போம்; வுளூ முறியாது!

மற்ற விடுமுறைகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டும் நம் வீடுகளில் தூக்கத்திலேயே கழிகின்றன. பிள்ளையைக் கொடியேற்றத்துக்கு அனுப்புங்கள். அனுப்புவதற்கு முந்தைய இரவு, ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) அவர்கள் மால்டா தீவில் மூன்று வருஷத்துக்கு மேல் சிறை வைக்கப்பட்டு 1920-ல் திரும்பியதைச் சொல்லுங்கள். மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அஹ்மத்நகர் கோட்டையில் அடைபட்டிருந்தபோதுதான், 1943-ல், அவருடைய மனைவி காலமானார் என்பதைச் சொல்லுங்கள். அரசியல் சட்டத்தை எழுதிய சபையில் நம் காயிதே மில்லத் அவர்களும் உறுப்பினர் என்று சொல்லுங்கள். இந்த விடுமுறைகள் நமக்கும் உரியவை என்பது அப்போதுதான் பிள்ளைக்கு விளங்கும்.

தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் நாட்களில் அயலாரின் வழிபாட்டில் நமக்குப் பங்கில்லை. அயலாரிடத்தில் நமக்குப் பங்குண்டு. நம்மோடு மார்க்கத்துக்காகப் போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் அல்லாஹ் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் முதியவர் ஒருவர் தனியாக இருந்தால், அன்றைக்கு அவருடைய நலத்தை விசாரிக்கப் பிள்ளையை அழைத்துப் போங்கள். பட்டாசுக்குக் காசு கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். எரிப்பதற்கென்று காசு சம்பாதிப்பவர் நம்மில் யாருமில்லை.

மீலாதுன் நபி தினத்துக்கு மத்திய அரசு விடுமுறை 1990-ல் வி.பி.சிங் அவர்கள் பிரதமராக இருந்தபோது அறிவிக்கப்பட்டது. மௌலிது பற்றிய வாதத்தை நான் இங்கே எடுக்கவில்லை. அதற்கு இந்த இதழ் போதாது. தாம் பிறந்த கிழமை என்பதால் திங்கட்கிழமைகளில் நாயகம் (ஸல்) அவர்கள் நோன்பிருந்தார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். அன்று வீட்டில் ஸீரத் நூலிலிருந்து ஒரு பக்கமாவது வாசிக்கட்டும்.

பிறையின் சங்கதியும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 2024-ல் மீலாது விடுமுறையைச் செப்டம்பர் 16 என்று குறித்திருந்த தமிழக அரசு, பிறைக்கேற்ப 17-க்கு மாற்றியது. அச்சடித்த காலண்டர் பிறைக்குப் பணிந்தது! ஹிஜ்ரி வருஷம் சூரிய வருஷத்தைவிடச் சுமார் பதினொரு நாள் குறைவு. ஆகவே நம் பெருநாட்கள் சுமார் முப்பத்து மூன்று வருஷத்தில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகின்றன. 2026, 2027 இரண்டிலும் ஹஜ்ஜுப் பெருநாள் மே மாதத்தில், கோடை விடுமுறைக்குள்ளேயே அமைகிறது. பள்ளிக்கூடம் எப்படியும் மூடியிருக்கும். "ஏன் லீவு?" என்று கேட்க எந்த ஆசிரியையும் இருக்க மாட்டார். நாமாகச் சொன்னால்தான் உண்டு.

என் வீட்டில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். எந்த விடுமுறையானாலும் முந்தைய நாள் மஃரிபுக்குப் பின் கால் மணி நேரம் எல்லோரும் பாயில் உட்காருவோம். மனைவியும் அடுப்பை அணைத்துவிட்டு வருவார். 2025-ல் ஆஷூரா ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை வந்தது. "மொகரம் லீவு ஞாயித்துக்கிழமையில போச்சே அத்தா!" என்று மகனுக்கு ஒரே வருத்தம். ஹுஸைன் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 61-ல் கர்பலாவில் ஷஹீதான நாள் என்பதற்காக மட்டும் இந்த நாள் வந்தது என்றே அவனும் நினைத்திருந்தான். அதற்கு வெகுகாலம் முன்பே, மூஸா (அலை) அவர்களை அல்லாஹ் ஃபிர்அவ்னிடமிருந்து காப்பாற்றிய நாள் அது. மதீனா யூதர்கள் அன்று நோன்பிருந்ததைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், மூஸாவிடத்தில் நமக்கே அதிக உரிமை உண்டு என்று கூறித் தாமும் நோன்பு நோற்று, நம்மையும் நோற்கச் சொன்னார்கள் என்று சொன்னேன். அதோடு ஒன்பதாம் நாளையும் சேர்த்து நோற்க விரும்பியதையும் சொன்னேன். அன்று நானும் மனைவியும் ஒன்பதின் நோன்பில் இருந்து, சற்று முன்புதான் திறந்திருந்தோம்.

"அப்ப நாளைக்கு நானும் புடிக்கிறேன்" என்றான். ஸஹருக்கு எழுந்தான். பதினோரு மணிக்கு முகம் வாடிவிட்டது. தண்ணீர்ப் பானைப் பக்கம் இரண்டு தடவை போய்த் திரும்பினான். "முடியாவிட்டால் விட்டுவிடு ராசா, உன் மேல் கடமையில்லை" என்று அவன் உம்மா சொன்னார். லுஹர் தொழுதுவிட்டு வந்து பாயில் படுத்துக் கொண்டு கேட்டான்: "அத்தா, கடல் பொளந்துச்சே, அப்ப உள்ள இருந்த மீனெல்லாம் எங்க போச்சு?" தெரியாது என்றேன். அஸர் வரை அதைப் பற்றியே பேசிக் கொண்டிருந்தான். மஃரிபுக்குப் பேரீச்சம்பழத்தை முதலில் அவன் கையில்தான் கொடுத்தேன்.