அனுப்பி வைத்த தாய்



கடந்த மாதம் பனமலையில் உபவாச ஜெபம் முடிந்து ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். ஒரு தாயார் என்னிடத்தில் வந்து நின்றார்கள். கண் கலங்கியிருந்தது. "ஐயா, பொண்ணுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. ரொம்ப தூரம். எனக்கு இருக்கிறது அவ ஒருத்திதான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா. போகாதேன்னு சொல்லுங்க ஐயா" என்றார்கள். ஜெபிக்கச் சொல்லுவார்கள் என்று நினைத்தேன். தடுத்து நிறுத்தச் சொல்லுகிறார்கள்! எனக்கு உடனே பதில் வரவில்லை. "ஜெபித்துச் சொல்லுகிறேன் அம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அன்றிரவு ஆவியானவர் என்னை 1 சாமுவேல் முதல் மூன்று அதிகாரங்களுக்குக் கொண்டுபோனார். அன்னாள் அழுது அழுது பெற்ற பிள்ளை. பால் மறந்ததும் சீலோவுக்குக் கொண்டுபோய் ஏலியிடத்தில் விட்டுவிட்டு வீடு திரும்புகிறாள். நாம் அதை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறோம். அன்னாள் திரும்பி வந்த அந்த வழியைப் பற்றி வேதம் ஒன்றும் சொல்லவில்லை. வருஷந்தோறும் பிள்ளைக்கு ஒரு சின்ன அங்கி தைத்துக் கொண்டுபோனாள் என்று மாத்திரம் சொல்லுகிறது. அளவெடுக்கப் பிள்ளை பக்கத்தில் இல்லை. இந்த வருஷம் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனதுக்குள்ளே அளந்துதான் தைத்திருக்க வேண்டும். தாய்மாரே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை!

அதை வாசிக்கும்போது, நம்முடைய திண்டிவனத்தில் வாழ்ந்த ஒரு தாய் என் நினைவுக்கு வந்தார்கள். வேலூர் ஆஸ்பத்திரியை உண்டாக்கின ஐடா ஸ்கடர் அம்மையாரை அறியாதவர் இந்தப் பக்கத்தில் கிடையாது. வியாதி முற்றினால் "பாண்டிச்சேரி ஜிப்மருக்குப் போ, இல்லாட்டி வேலூருக்குப் போ" என்று சொல்லுகிற ஜனங்கள் நாம். செஞ்சி, திருவண்ணாமலை வழியாக எத்தனை பேர் நோயாளியை மடியில் சாய்த்துக்கொண்டு அந்த பஸ்ஸில் போயிருக்கிறோம்! (மருந்தே வேண்டாம் என்கிற விசுவாசிகளும் நம் நடுவில் உண்டு. அவர்களோடு வாதாட நான் வரவில்லை. லூக்காவும் வைத்தியன்தான்.) ஆனால் அந்த ஐடாவைப் பெற்ற தாயை எத்தனை பேர் அறிவோம்? சோஃபியா வெல்ட் ஸ்கடர் என்பது அவர்கள் பெயர்.

1861-ல் டாக்டர் ஜான் ஸ்கடரின் இளம் மனைவியாக அமெரிக்காவிலிருந்து கப்பலேறினார்கள். சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல்தான். அதனால் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, மாதக்கணக்காகக் கடலிலேயே வர வேண்டிய காலம் அது. இந்தப் பெண்ணின் உடம்பு இந்தியாவைத் தாங்காது என்று மிஷன் பெரியவர்கள் தயங்கினதாக அந்தக் குடும்பத்தின் வரலாற்றை எழுதினவர்கள் சொல்லுகிறார்கள். தாங்காது என்று சொல்லப்பட்ட அந்த உடம்பு ஆற்காட்டு வெயிலில் அறுபது வருஷத்துக்கு மேல் உழைத்தது. அல்லேலூயா!

பிள்ளைகள் பிறந்தார்கள். எல்லாம் ஆண் பிள்ளைகள். கடைசியாக 1870 டிசம்பர் 9-ம் தேதி ராணிப்பேட்டையில் ஒரே மகள், ஐடா பிறந்தாள். அந்தப் பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நம்முடைய ஜில்லாக்களைத் தின்றுபோட்ட பஞ்சம். மிஷன் வீட்டு வாசலில் பசியால் சுருண்டு கிடந்த பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிட்டு ஊட்டினவர்களில் அந்தச் சிறுமியும் ஒருத்தி. கையில் ரொட்டியை வாங்கித் தின்னக்கூட பலன் இல்லாத பிள்ளைகள்! அந்தக் காட்சி அவள் மனதை விட்டுப் போகவில்லை. இந்த தேசமே வேண்டாம் என்கிற வைராக்கியம் உள்ளே வளர்ந்தது.

பஞ்சம் ஓய்ந்த பிறகு குடும்பம் அமெரிக்காவுக்குப் போயிற்று. சில வருஷத்தில் தகப்பனார் ஊழியத்துக்குத் திரும்பினார். அதற்குப்பின் தாயும் புறப்பட வேண்டிய நாள் வந்தது. மகளைச் சிகாகோவில் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டு சோஃபியா அம்மாள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அன்று ராத்திரி அந்தப் பெண் தாயின் அறைக்கு ஓடி, தாய் படுத்திருந்த தலையணையில் முகம் புதைத்து அழுதாளாம்.

இது சரியா? பிரசங்க பீடத்தில் நிற்கிறவன் என்பதற்காக நான் பூசி மெழுக விரும்பவில்லை. வளருகிற பெண்ணுக்குத் தாய் வேண்டும். நானாயிருந்தால் விட்டிருக்க மாட்டேன், அல்லது விட்டுவிட்டு நிம்மதியாய்த் தூங்கியிருக்க மாட்டேன். ஆனால் நம் பக்கத்துத் தாய்மார் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், சென்னைப் பக்கம் செங்கல் சூளைக்கும், கரும்பு வெட்டுக்கும் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறார்களே, அவர்களை யார் பழிப்பது? வயிறு கூப்பிட்டுப் போகிறார்கள். அந்த அம்மாளை தேவன் கூப்பிட்டார், போனார்கள். மகள் அழுத கண்ணீருக்கு தேவன் எப்படிக் கணக்கு வைத்தார் என்பதை மேலே பாருங்கள்.

பிரசங்கியார் மூடி ஏற்படுத்தின நார்த்ஃபீல்டு பள்ளியில் ஐடா படித்து வளர்ந்தாள். அழகான, கலகலப்பான பெண். அவள் மனதிலிருந்த ஆசை, நல்ல கல்யாணம், வசதியான வீடு. மிஷனெரி ஆகமாட்டேன் என்பதில் மாத்திரம் உறுதியாயிருந்தாள். 1890-ல் செய்தி வந்தது: திண்டிவனத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வா.

கவனியுங்கள் தேவ ஜனமே! எந்தக் கூட்டமும் எந்தப் பிரசங்கமும் கொண்டுவர முடியாத பெண்ணைத் தாயின் நோய்ப்படுக்கை கொண்டுவந்தது. கொஞ்ச நாள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம், குணமானதும் ஓடிவிடலாம் என்றுதான் வந்தாள். தாயைக் கவனித்தாள், பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள், திரும்பிப்போகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த ராத்திரி வந்தது. கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமணர் நிற்கிறார். இளம் மனைவிக்குப் பிரசவம், மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். "அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப்போங்கள்" என்கிறாள் ஐடா. அந்நிய ஆண் மகன் என் மனைவியைப் பார்ப்பதா, அதைவிட அவள் சாகட்டும் என்று போய்விட்டார். மறுபடியும் கதவு. இந்தத் தரம் ஒரு முஸ்லிம். அதே துன்பம், அதே பதில். மூன்றாம் முறையும் கதவு தட்டப்பட்டது. இன்னொரு இந்துக் குடும்பத்தார். அதே கதைதான். மூன்று வீட்டு வாசலிலும் சாவு நிற்கிறது. உள்ளே போகக்கூடியவள் ஒரு பெண், அவளுக்கோ வைத்தியம் தெரியாது.

சாமுவேலையும் கர்த்தர் ராத்திரியில்தானே கூப்பிட்டார்! மூன்று தரம் கூப்பிட்டும் அவனுக்குப் புரியவில்லை. ஏலியிடத்தில் ஓடி ஓடிப் போனான். நாலாம் தரம்தான் பதில் சொன்னான். திண்டிவனத்தில் நாலாவது சத்தம் விடியற்காலையில் கேட்டது. தெருவில் சாவு மேளம். வேலையாளை அனுப்பி விசாரித்தாள். மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள்.

அறைக்குள் போய் ஜெபித்தாள். வெளியே வந்து, "நான் டாக்டருக்குப் படிக்கப்போகிறேன், படித்துவிட்டு இங்கேயே திரும்பி வருவேன்" என்ற தீர்மானத்தைத் தாய் தகப்பனிடம் சொன்னாள்.

நான் அந்தத் தாயின் இடத்தில் நின்று பார்க்கிறேன். எத்தனையோ வருஷம் பிரிந்திருந்த ஒரே மகள். இப்போதுதான் கைக்கெட்டினாள். கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள், தலைமாட்டில் உட்கார்ந்து பேசுகிறாள். அவளை மறுபடியும் கடலுக்கு அப்பால் அனுப்ப வேண்டும். முதல் தடவை விட்டுப்போனது தாய். இந்தத் தடவை போவது மகள். "என் உடம்பைப் பார், நான் எத்தனை நாள் இருப்பேனோ" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். உலகத்தில் எந்தத் தாய்க்கும் அந்த ஆயுதம் உண்டு. மகள் போனாள்.

1899-ல் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்று, 1900-ம் வருஷத் தொடக்கத்தில் ஐடா வந்து சேர்ந்தார். சந்தோஷம் அதிக நாள் நீடிக்கவில்லை. அதே வருஷம் தகப்பனார் புற்றுநோயால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சோஃபியா அம்மாளுக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. விதவை. சொந்த தேசத்துக்குத் திரும்பியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர்கள் போகவில்லை. வேலூரில் மகளோடு இருந்துவிட்டார்கள், இன்னும் இருபத்தைந்து வருஷம்!

அந்த வீட்டிலே ஒரு சின்ன அறையில்தான் ஐடா வைத்தியம் ஆரம்பித்தார். பெண் டாக்டரை நம்பி ஜனங்கள் உடனே வந்துவிடவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் களைத்து வருகிற மகளுக்கு விளக்கேற்றி வைத்துக் காத்திருக்க வீட்டில் ஒரு தாய் இருந்தது எவ்வளவு பெரிய பாக்கியம்! 1902-ல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்ததையும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஆரம்பித்ததையும், 1922-ல் அதிலிருந்து முதல் வகுப்பாகப் பதினான்கு பெண்கள் டாக்டராக வெளியே வந்ததையும் அந்தக் கண்கள் பார்த்தன. 1925-ல், எண்பத்தாறு வயதில், தாங்காது என்று சொல்லப்பட்ட அந்த உடம்பு இளைப்பாறியது. திண்டிவனத்துத் தெருவில் விழுந்த மூன்று சாவுக்குப் பதிலாக எத்தனை ஆயிரம் பிரசவ அறைகளில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டிருக்கும்!

ஐடா அம்மையார் கலியாணம் செய்யவில்லை. 1960 மே மாதம் கொடைக்கானலில் மரித்தபோது வயது எண்பத்தொன்பது. எழுபது வயதுக்கு மேலும் கல்லூரிக்காக அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பணம் திரட்டினார்கள். தாயைப்போலவே அலைந்து திரிந்த கால்கள்.

இதையெல்லாம் இந்த மாத உபவாச ஜெபத்தில் செய்தியாகச் சொன்னேன். அந்தத் தாயார் பின் வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்கள் பக்கம் பார்க்கவே இல்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு வந்தார்கள்.

"ஐயா, அந்த வெள்ளைக்காரம்மா மகளை அனுப்பிட்டு அழுதிருப்பாங்களா?"

"அழாமல் இருந்திருப்பார்களா அம்மா?"

கொஞ்ச நேரம் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு, "திங்கக்கெழம காலைல பஸ்ஸு. எனக்கு அந்த ஊரு வழி தெரியாது. விட்டுட்டுத் திரும்பி வரும்போது தனியா வரணுமேன்னுதான் பயமா இருக்கு" என்றார்கள்.

என் மனைவி கூடப் போகிறாள். இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வரும்போது அவர்கள் திரும்பி வந்திருப்பார்கள். அந்த மகளுக்காகவும், வீட்டில் தனியே விளக்கேற்றப்போகிற அந்தத் தாயாருக்காகவும் உங்கள் குடும்ப ஜெபத்தில் ஒரு நிமிஷம் பாரத்தோடு ஜெபித்துக்கொள்ளுங்கள்.