இரண்டு நடை

சோழவந்தானில் ஒரு வீட்டு வாசலில் கார் வந்து நின்றால், எஞ்சின் எத்தனை சிசி என்று யாரும் கேட்பதில்லை. இளவட்டங்கள் மைலேஜ் கேட்பார்கள். பெரியவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை பேரு போகலாம் தம்பி?"

எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். கார் உன் பெயரில் இருந்தாலும் அதன் இருக்கைகளில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று தெரு உரிமையோடு சொல்கிறது. வாங்கியவர் அதை ஏற்றுக்கொள்கிறாரா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் கார் ஊரோடு சேர்கிறது, அல்லது உறை போட்டு மூடிய பொருளாக வாசலில் நிற்கிறது.

என்னிடம் இருப்பது ஆல்டோ 800. முதலில் வேறொருவர் ஓட்டி, கைமாறி என்னிடம் வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், மூன்றரை மீட்டர்கூட நீளமில்லாத உடம்பு. டிக்கியின் கொள்ளளவு 177 லிட்டர். ஒரு வாழைத்தார் வைத்துவிட்டால் பக்கத்தில் ஒரு கட்டைப்பைக்குத்தான் இடம் இருக்கும். நான்குவழிச் சாலையில் பெரிய வண்டிகள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் எங்கள் ஊர்ச் சந்துகளிலும், வைகைக் கரையோரக் கொடிக்கால்களுக்குப் போகிற வண்டிப்பாதைகளிலும், தேங்காய் ஏற்றிய டெம்போ எதிரே வந்தாலும் ஒதுங்கி நிற்க இதற்கு இடம் கிடைத்துவிடும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலையைக் கிள்ளிக் கட்டும் கைகள் எத்தனையோ தடவை இந்தக் கதவைத் திறந்து ஏறியிருக்கின்றன.

பகலில் எங்களுக்குப் போக்குவரத்துக் குறை அதிகமில்லை. மேலக்கால், துவரிமான், கோச்சடை வழியாக மதுரைக்குப் பேருந்து உண்டு. திண்டுக்கல் பாதையில் ரயில் நிலையம் உண்டு. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் போய் வருகிறார்கள்; அது எங்கள் பக்கத்துப் பெண்களின் நடமாட்டத்தையே மாற்றியிருக்கிறது. உயிருக்கு அவசரம் என்றால் 108 வரும். 2008-இல் தமிழ்நாட்டில் அந்தச் சேவை தொடங்கிய பிறகு, நடுராத்திரியில் வண்டி தேடிக் கதவு தட்டுகிற கொடுமை பெருமளவு குறைந்தது.

ஆனால் 108 கொண்டுபோய்ச் சேர்க்கும். திரும்பக் கூட்டி வராது. பிரசவமான தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுவந்து விட 102 ஊர்தி இருக்கிறது. மற்றவர்கள் என்ன செய்வார்கள்? மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். காலில் மாவுக்கட்டு. பேருந்துப் படியில் ஏற முடியாது. இருபது கிலோமீட்டருக்கு மேல் ஆட்டோ வைத்தால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூடவே ஓடி வந்தவர்களெல்லாம் அதற்குள் அவரவர் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். நோயாளி போவது எல்லோருக்கும் அவசரம், அவர் திரும்பி வருவது யாருக்கும் அவசரமாகத் தோன்றுவதில்லை. சின்ன கார் ஒன்று தெருவில் இருப்பதன் அருமையை நான் கண்டுகொண்டது இந்தத் திரும்பும் பயணங்களில்தான். "வண்டி சும்மா நிக்குதா தம்பி?" என்று தயங்கித் தயங்கி ஒரு போன் வரும். அந்தத் தயக்கத்தைக் கேட்டபிறகு வேறு வேலை இருக்கிறது என்று சொல்ல வாய் வராது.

எங்கள் தெரு அப்பத்தா ஒருவருக்கு மதுரை அண்ணாநகர் அரவிந்த் கண் மருத்துவமனையில் புரை நீக்கினார்கள். மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போய்த் திரும்பி வருகையில், முன்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் பெயர்ப்பலகைகளை உரக்க வாசித்துக்கொண்டே வந்தார். சிமெண்டு விளம்பரம், பரோட்டாக் கடை, ஒரு கட்சிக்காரரின் பிறந்தநாள் வாழ்த்து, எதையும் விடவில்லை. மேலக்கால் தாண்டும்வரை நான் பேச்சுக் கொடுக்காமல் அவர் வாசிப்பதையே கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.

விலை உயர்ந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு மனம் சிறியது என்று நான் சொல்ல வரவில்லை. பல லட்சம் கடன் வாங்கி வாங்கிய பொருளுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் வயிறு கலங்கத்தான் செய்யும். எனக்கு அந்தப் பயம் இல்லை. ஈரக் காலோடு ஏறலாம். பிள்ளை வாந்தி எடுத்தால் துடைத்துக்கொள்ளலாம். கேதத்துக்குப் போய் வரும்போது அழுது ஓய்ந்தவர்கள் கதவை ஓங்கிச் சாத்தினாலும் மனம் சுருங்குவதில்லை. கோளாறு என்றால் ஊரிலேயே பார்க்க ஆள் உண்டு. உதிரிபாகம் மதுரையில் கிடைக்கும். விலை குறைவாக இருந்ததால்தான் இந்தக் கதவை இவ்வளவு பேருக்குத் திறந்துவிட என்னால் முடிந்தது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

சின்ன கார் என்ற எண்ணமே இந்த நாட்டில் அப்படித்தான் பிறந்தது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் கொடுத்தார். அந்த நிறுவனத்தைத் தொடக்கத்தில் கட்டி எழுப்பியவர் நம்மூர்க்காரர்: கருவேலி கிராமத்தில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி. அதற்கு முன்பு திருச்சி பெல் ஆலையை வளர்த்த கைகள் அவருடையவை. பெரும்பாலும் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியுமே ஓடிக்கொண்டிருந்த நாட்டில், மாதச் சம்பளக்காரர் ஒருவர் தன் பெயரில் கார் வைத்திருக்கலாம் என்ற நினைப்பை அந்தச் சின்ன வண்டிதான் விதைத்தது.

பிறகு 2009-இல் டாடா நானோ வந்தது. மழையில் ஒரே ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போன ஒரு குடும்பத்தைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் வந்தது என்று ரத்தன் டாடா சொல்லியிருக்கிறார். கருணையில் பிறந்த கார் அது. ஆனாலும் ஒரு லட்ச ரூபாய் கார், உலகத்திலேயே மலிவான கார் என்ற பேச்சு முன்னால் நின்றுவிட்டது. பத்து வருடத்துக்குள் தயாரிப்பும் நின்றது. அது தோற்றதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்த மலிவான பட்டம்தான் என் மனதில் தங்கியிருக்கிறது. எளியவர்கள் விலை குறைந்த பொருளை மனமுவந்து வாங்குவார்கள். தங்களை மலிவானவர்களாக யாரும் நினைத்துவிட்டால் மட்டும் அவர்களால் பொறுக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். 2014 ஜனவரியில் மாருதி 800-இன் தயாரிப்பு முடிவுக்கு வந்தது. அதே மாத இறுதியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்கும் ஐந்து சின்ன கார்களை மோதவிட்டுப் பார்த்த சோதனையின் முடிவை வெளியிட்டது. வேறு வேறு நிறுவனங்களின் கார்கள் அவை. ஆல்டோ 800-உம் அதில் ஒன்று. ஏர்பேக் இல்லாத அந்த அடிப்படை வகைகளில், பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்தும் பெற்றது பூஜ்ய நட்சத்திரம்.

முப்பது வருடமாக நடுத்தரக் குடும்பங்கள் பெருமையாக ஏறி உட்கார்ந்த வண்டிகளின் கதை இது. விலையைக் குறைக்க எதையெல்லாம் எடுக்கலாம்? கண்ணாடி ஏற்ற பொத்தானுக்குப் பதில் கையால் சுற்றும் பிடி போதும். பாட்டுப் பெட்டி வேண்டாம். சக்கரத்துக்குப் பளபளப்பான மூடி வேண்டாம். இவை இல்லாமலே நாங்கள் நன்றாகப் போய் வருவோம். மோதும்போது நெஞ்சைத் தாங்க வேண்டிய பொருள் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கவே கூடாது. வாங்குபவரிடம் பணம் குறைவு என்பதற்காக அவருடைய விலா எலும்பு வேறு விதமாக முறிவதில்லை.

விலையைக் குறைத்தால் தரமும் குறைந்துதான் தீரும் என்று யாராவது சொன்னால், மதுரைக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. அந்த அப்பத்தா பெயர்ப்பலகை வாசித்தாரே, அவர் கண்ணே அதற்குப் பதில். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். பணம் கட்டுபவர்களுக்கும் கட்ட முடியாதவர்களுக்கும் அதே மருத்துவர்களே அறுவை செய்கிறார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாது என்று 1992-இல் அரோலேப் என்ற ஆலையையே தொடங்கி, அந்த விலையில் ஒரு சிறு பங்குக்குத் தரமான லென்ஸ் செய்தார்கள். அங்கே கட்டிலும் அறையும் எளிமையாக இருக்கலாம், கத்தி பிடிக்கும் கையில் குறை வைக்கவில்லை. எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

கார்களும் மெதுவாக அந்த வழிக்கு வருகின்றன. 2019-இல் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது. 2022-இலிருந்து முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கும். 2023-இல் நம் நாட்டுக்கே பாரத் என்கேப் என்ற சோதனை முறை வந்தது. 2025-இல் ஆல்டோ கே10-இன் எல்லா வகைகளிலும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது; அதே வருடம் செப்டம்பரில் சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. விலையும் குறையலாம், பாதுகாப்பும் கூடலாம் என்பது கண்ணெதிரே நடந்துவிட்டது. முன்பே நடந்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் ஆலையிலும் டெல்லியிலும் முடிவாகாத ஒரு பங்கு நம் தெருவில் இருக்கிறது. எத்தனை பேர் போகலாம் என்று கேட்கிறார்கள் அல்லவா? ஓட்டுபவரையும் சேர்த்து ஐந்து பேர் என்றுதான் ஆர்சி புத்தகம் சொல்கிறது. குலசாமி கும்பிடப் போகையில், வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழாவுக்கு வந்த சொந்தங்களை ரயிலேற்றிவிடுகையில், ஏழு பேர், எட்டுப் பேர் ஏறத்தான் பார்ப்பார்கள். "சின்னப் பிள்ளைதானே, மடியில வச்சுக்கிறேன்" என்பார் ஓர் அக்கா. வேகமாகப் போகிற வண்டி சட்டென்று நின்றால் மடியிலுள்ள பிள்ளையை எந்தத் தாயின் கையும் பிடித்து நிறுத்த முடியாது. அன்பின் பலம் அதற்குப் போதாது. சின்ன வண்டியில், பாரம் கூடினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: "அக்கா, நாலு பேரு ஏறுங்க. இறக்கி விட்டுட்டு வந்து மத்தவங்களக் கூட்டிட்டுப் போறேன்." முதலில் சிலருக்கு மனத்தாங்கல் ஏற்பட்டது. இடம் கொடுக்க மனமில்லாமல் கணக்குப் பேசுகிறான் என்று நினைத்தார்கள். பக்கத்திலிருக்கும் குருவித்துறைக்கு இன்னொரு நடை போய் வந்தால் பெட்ரோல் எவ்வளவு ஆகிவிடும்? இரண்டாவது நடையில் வந்து ஏறியவர்களைக் கண்டபிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. இப்போது அவர்களே, யார் முதல் நடை, யார் இரண்டாவது நடை என்று பிரித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். எல்லோரையும் ஒரே தடவையில் அடைத்துக்கொண்டு போவதைத்தான் தாராளம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். திரும்பி வந்து ஏற்றிக்கொள்வதுதான் தாராளம் என்பதை இந்தச் சின்ன வண்டி எங்கள் தெருவுக்குக் காட்டிக் கொடுத்தது. இடம் குறைவாக இருந்ததால்தான் அது புரிந்தது.

இன்னொன்றும் உண்டு. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தில் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். விலை உயர்ந்த, நல்ல பாதுகாப்புள்ள கார் அது. பின்சீட்டில் இருந்த அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை. பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்று சட்டம் வெகு காலமாகச் சொல்கிறது. ஆனால் எங்கள் பக்கம் பெரும்பாலான கார்களில் சீட் கவர் தைத்துப் போடும்போதே பின்சீட்டு பெல்ட்டின் கொக்கிகளைக் கவருக்குள் மூடிவிடுகிறார்கள். என்னிடம் வந்த வண்டியிலும் அப்படித்தான் இருந்தது. கவரைக் கத்திரித்து அவற்றை மேலே எடுத்துவிட கொஞ்ச நேரம்தான் ஆனது.

உங்கள் வீட்டில் கார் இருந்தால், விலை எதுவானாலும், இன்று சாயங்காலம் பின்கதவைத் திறந்து அந்தக் கொக்கிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கவருக்குள் புதைந்திருந்தால் வெளியே எடுத்து வையுங்கள். அடுத்து ஏறப்போகும் பெரியவருக்கும் பிள்ளைக்கும் அதை நீங்களே மாட்டிவிடுங்கள்.